முந்துகிற கை

"இந்தத் துப்பாக்கி கோணலாச் சுடுதுங் அம்மிணி," என்றார் தங்கமுத்து.

சகாயமேரி பதில் சொல்லவில்லை.

"ஆறு குண்டும் கீழ, இடது பக்கமாப் போயிருக்குது பாருங். நான் நடுவுலதான் புடிச்சேன்."

அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கமுத்துவும் பார்த்தார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. தோட்டா அடைக்கிற மேகசினை உருவித் தனியாக வைத்தார். மேல்மூடியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து மாட்டினார்.

"இப்பப் பேசுங்க," என்றாள்.

துப்பாக்கி சுடப் பழகுகிற அந்த ரேஞ்சில் அதுதான் சட்டம். துப்பாக்கி வாயைத் திறந்து கிடந்தால்தான் மனிதர் வாயைத் திறக்கலாம். மூடின துப்பாக்கியின் பக்கத்தில் நின்றுகொண்டு யார் என்ன கேட்டாலும் சகாயமேரிக்குக் காது கேட்காது. கலெக்டரே வந்தாலும் அப்படித்தான் என்று ரைபிள் கிளப்பில் சொல்லிக்கொள்வார்கள்.

ரேஞ்ச் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காங்கேயத்துக்கு அந்தப் பக்கம், கல் எடுத்துவிட்டுக் கைவிட்ட ஒரு குவாரிப் பள்ளம். மூன்று பக்கமும் பாறை. ஒரு தகரக் கொட்டகை, நாலு மேஜை, வெளியே ஒரு புங்கமரம்.

சகாயமேரிக்கு முப்பத்து மூன்று வயது. திண்டுக்கல்காரி. ஆயுதப்படையில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவள். தங்கமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. கொடுமுடிப் பக்கம் மஞ்சளும் தென்னையும் வைத்திருக்கிறார். முதல்நாள் வந்தபோது அவளிடமே, "வாத்தியார் எங்கீங் அம்மிணி?" என்று கேட்டார். "நான்தான்," என்றாள். அன்றிலிருந்து வாத்தியாரும் அவள்தான், அம்மிணியும் அவள்தான்.

மூன்றாவது ஆள் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திருச்செங்கோட்டு அர்த்தநாரி. கோழிப்பண்ணைக்காரர். துப்பாக்கி அவருடையது. லைசென்ஸ்காரர் இல்லாமல் துப்பாக்கி எங்கேயும் போகக்கூடாது என்பதால் அதன் கூடவே வந்திருந்தார்.

சின்ன பிஸ்டல். தங்கமுத்துவின் உள்ளங்கையில் பாதி மறைந்துவிடும். பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம். தங்கமுத்துவின் லைசென்ஸில் ஆயுதம் வாங்கக் கொடுத்த கெடு முடிய இன்னும் ஒன்பது நாள். புதிதாகக் கேட்டால் எட்டு மாதம் காத்திருங்கள் என்கிறார்கள்.

"கோணலாச் சுடற துப்பாக்கியை வெச்சுட்டு நான் என்னங் பண்றது?"

சகாயமேரி பிஸ்டலை எடுத்தாள். இரண்டு தோட்டா போட்டாள். இரண்டு சத்தம். குறி அட்டையின் நடுவில் இரண்டு ஓட்டை, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு.

திறந்து வைத்தாள்.

"உங்க கைக்கு நேராச் சுடுது," என்றார் தங்கமுத்து. "என்ற கைக்குச் சுடமாட்டீங்குது."

அவள் திரும்பி நின்று மேகசினை நிரப்பினாள். நீட்டினாள்.

"ஆறு இருக்கு. நிதானமா."

முதல் குண்டு கீழே, இடது பக்கம். இரண்டாவதும் அங்கேயே.

மூன்றாவதற்கு விசையை அமுக்கினார். சத்தம் வரவில்லை. ஆனால் துப்பாக்கியின் மூக்கு மட்டும் விருட்டென்று கீழே குனிந்தது.

தங்கமுத்து தன் கையைப் பார்த்தார். யாரோ ஒருத்தருடைய கை போல இருந்தது.

ஆறில் ஒன்று மருந்தில்லாத வெற்றுத் தோட்டா. எது என்று அவருக்குத் தெரியாமல் நடுவில் சொருகியிருந்தாள்.

அவர் அவசர அவசரமாக எல்லாவற்றையும் கழற்றித் திறந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"வெடிக்கவே இல்லையே. அப்புறம் ஏன் கீழ போச்சு?"

"துப்பாக்கி போகல."

"நானா தள்ளுனேன்?"



தங்கமுத்துவுக்குச் சுவாரசியம் பிடித்துக்கொண்டது. ஓடுகிற மோட்டாரை ஏன் ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்கிற ஆள் அவர். பிரித்தபின் ஓடாமல் போன மோட்டார்கள் அவர் தோட்டத்தில் இரண்டு உண்டு.

"மறுபடியும் போடுங். இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன்."

போட்டாள். ஏமாந்தார்.

"மறுபடியும்."

நாலு தடவை வெற்றுத் தோட்டா வந்தது. நாலு தடவையும் மூக்கு குனிந்தது. கையை இறுக்கிப் பார்த்தார். மூச்சைப் பிடித்துப் பார்த்தார். கடைசித் தடவை கண்ணைக்கூட மூடிப் பார்த்தார். அதற்கு மட்டும் திட்டு வாங்கினார்.

"வெடிக்கும்னு கை முன்னாடியே முந்திக்குது," என்றாள் சகாயமேரி.

"எனக்கு மட்டுந்தானா? இல்ல, அவருக்கும் இப்படித்தானா?" மரத்தடியைக் கண்ணால் காட்டினார்.

"மாடு வாங்கப் போனா என்ன பார்ப்பீங்க?"

"பல்லு பாப்பேன். சுழி பாப்பேன். கால் கொளம்பு. அப்புறம் நடத்திப் பாப்பேன்."

"விக்கிறவர் சொல்றதை?"

"அதை எவன் கேட்டான்?"

"அப்ப இதையும் பாருங்க."

ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பிஸ்டலைப் பாகம் பாகமாகக் கழற்றி வைத்தாள். தங்கமுத்து சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்தார்.

ஸ்லைடு ஓடுகிற தடத்தில் மஞ்சளாக ஏதோ கெட்டித்துப்போய் இருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"சந்தனமுங்."

"ம்."

"குங்குமமும் இருக்குது. ஆயுத பூஜைக்கு வெச்சுவெச்சு உள்ளயே இறங்கியிருக்குது. அதான் இழுக்கறப்ப அப்படி முரண்டு புடிச்சுதா?" தங்கமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் போன வருசம் மோட்டார் சுவிட்சுக்கு வழிய வழிய வெச்சேனுங். பியூஸ் போயிருச்சு."

சகாயமேரி ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்தாள். அவர் தேய்த்தார். இருபத்துச் சொச்சம் ஆயுத பூஜை பொடிப்பொடியாகத் துணியில் விழுந்தது.

குழலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். உள்ளே சுற்றிப்போகிற வரிகள் கூர்மையாக மின்னின.

"புதுசாட்டவே இருக்குதுங்."

"அப்புறம்?"

"மேல கருப்பெல்லாம் போயிருச்சு. உறையில போட்டு எடுத்துப் போட்டு எடுத்து. வெச்சிருந்தாரு, சுடல." அவருக்குத் தன் கெட்டிக்காரத்தனம் பிடித்திருந்தது. மாட்டுச்சந்தையில் நிற்கிற தெம்பு வந்துவிட்டது. "இது என்னங் அம்மிணி?"

கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் இருந்த சின்ன நெம்பு அது. சேஃப்டி. மேலே ஏற்றினால் துப்பாக்கி சுடாது, இறக்கினால் சுடும். அதன்மேல் விரல் வழுக்காமலிருக்கக் கீறிய வரிகள் இருந்திருக்கவேண்டும். ஒன்றுகூட இல்லை. கோயில் படி போல வழவழவென்று தேய்ந்திருந்தது.

"சுடாத துப்பாக்கிக்கு இது மட்டும் ஏன் இப்படித் தேஞ்சிருக்குது?"

"தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"துப்பாக்கிக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மிச்சம் அவருக்குத்தான் தெரியும். போய்க் கேளுங்க."

தங்கமுத்து மரத்தடிக்குப் போனார். அர்த்தநாரி பிளாஸ்கிலிருந்து மூடியில் டீ ஊற்றி நீட்டினார்.

"ஏனுங், இதுல எத்தனை தடவை சுட்டிருப்பீங்?"

"வாங்குன அன்னைக்குக் கடைக்காரரு நாலு சுட்டுப் பாக்கச் சொன்னாருங். அதோட சரி."

"எத்தனை வருசமாச்சு?"

"இருவத்திரண்டு."

"சேஃப்டி தேஞ்சு போயிருக்குதுங்களே."

அர்த்தநாரி தன் வலது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"தினம் ஒருக்கா, ரெண்டு தடவை நடக்கும். எங்கூடு பண்ணைக்குள்ள தனியா இருக்குதுங்களா, ஏதாச்சும் சத்தம் கேக்கும். எடுத்து, இதைத் தள்ளி, நீட்டிருவேன். யாருன்னு பாத்துட்டு மறுபடி ஏத்திருவேன்."

"யாரா இருக்கும்?"

"என்ற சம்சாரம் கோழிக்குத் தண்ணி திறக்கப் போவா. பையன் டியூசன் முடிச்சு வருவான். அப்புறம் காலேஜ் லீவுக்கு வருவான். மருமகளைக் கூட ஒருக்கா. கல்யாணமாகி மூணாம் நாளு."

"திருடன்?"

"அவன் வரவே இல்லீங்." சொல்லும்போது அர்த்தநாரியின் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

தங்கமுத்து டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப ஏன் விக்கறீங்?"

"பேத்தி நடக்க ஆரம்பிச்சுட்டாளுங்."

தங்கமுத்து திரும்பி வந்தார். டீ குடிக்கப்படாமல் மூடியோடு மேஜைமேல் உட்கார்ந்தது. அவரும் பெஞ்சில் உட்கார்ந்தார். சகாயமேரி பிஸ்டலின் பாகங்களை மறுபடி சேர்த்து மாட்டி, திறந்து வைத்திருந்தாள்.

"ஏன் துப்பாக்கி வேணும்னு நீங்க என்னைக் கேக்கவே இல்லீங்களே அம்மிணி."

"நீங்க சொல்லல."

அவர் சொன்னார்.

போன வருஷம் மாசி மாதம், சாயங்காலம் ஏழரை மணி. தோட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்கிற வீடு. இரண்டு பேர் வந்தார்கள். அவரையும் மனைவி பாவாத்தாளையும் நாற்காலியில் கட்டினார்கள். தாலிக்கொடியோடு சேர்த்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு பத்து நிமிஷத்தில் போய்விட்டார்கள். அவர் அசையவில்லை. அசைந்தால் குத்துவேன் என்றான் ஒருத்தன். அசையவில்லை.

அதன்பிறகு கட்டிலுக்கடியில் அரிவாள். துப்பாக்கி லைசென்ஸுக்கும் எழுதிப்போட்டார்.

"ஒருநாள் விடியக்காலம் அஞ்சு மணிங். அவ கட்டுத்தரையில பாலைக் கறந்துட்டு, பின்வாசல் வழியா வந்தா. நான் அருவாளை ஓங்கீட்டு நிக்கறேன். இறங்கல. மேலயே நின்னுருச்சு. பால் போசி கீழ விழுந்து பாலெல்லாம் போச்சு."

சகாயமேரி பெஞ்சில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவ கத்தலீங். 'நான்னு தெரிஞ்சுதான ஓங்குனீங்?'னு மட்டும் கேட்டா. தெரியாதுன்னு சொன்னேன். அன்னைக்கு மத்தியானமே ஈரோட்டுக்கு மக வீட்டுக்குப் போயிட்டா. நாப்பத்திமூணு நாளாச்சு. தினம் போன் பண்றேன். தினம் அதையேதான் கேக்கறா. தெரியாது, தெரியாதுன்னுதான் சொல்றேன். சரின்னு வெச்சுருவா. துப்பாக்கி ஒண்ணு வாங்கீட்டா பயமில்லாம வந்துருவான்னு நெனச்சேன்."

"அவங்க எதுக்குப் பயந்தாங்க?"

தங்கமுத்துவுக்கு அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயசில், அம்மிணி முன்னால், மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"எனக்கே தெரியலீங். வெளக்கு எரிஞ்சுட்டுத்தான் இருந்துது. முப்பத்தஞ்சு வருசமா அந்த நேரத்துக்கு அந்த வாசல்ல அவதான் வர்றா. எப்படித் தெரியாமப் போகும்? தெரிஞ்சிருந்தா எப்படி ஓங்குவேன்? நீங்களே சொல்லுங். நான் தெரிஞ்சு பண்ணுனேனா, தெரியாமப் பண்ணுனேனா?"

சகாயமேரி எழுந்தாள்.

"வாங்க."

அவர் மேஜைக்கு வந்தார்.

"மேகசின் எங்க?"

"இங்க, தனியா இருக்குது."

"துப்பாக்கிக்குள்ள?"

"காலிங்."

"விரலை விட்டுப் பாருங்க."

சுண்டுவிரலை விட்டுத் துழாவினார்.

"ஒண்ணுமில்லீங்."

"நான் சொல்லியா நம்புறீங்க?"

"இல்லீங். நானே பாத்தனே."

"சந்தேகம் இருக்கா?"

"துளிகூட இல்லீங்."

"மூடுங்க. நீட்டுங்க. அமுக்குங்க."

மூடினார். நீட்டினார். அமுக்கினார்.

டிக்.

மூக்கு குனிந்தது.

அவர் ஸ்லைடை இழுத்துத் திறந்து உள்ளே பார்த்தார். விரலை விட்டு மறுபடியும் பார்த்தார். காலி. முன்பும் காலிதான்.

"தெரிஞ்சுதான்," என்றார்.

சகாயமேரி அடுத்த மேஜையைத் துடைக்கப் போய்விட்டாள்.

பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது. தங்கமுத்து பாதையில் பாதி தூரம் ஏறினார். போனைக் காதில் வைத்துப் பேசத் தெரியாதவர். தட்டுப்போல முன்னால் ஏந்திக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஆகவே குவாரி முழுக்கக் கேட்டது.

"பாவாத்தா."

"சொல்லுங்."

"நீதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கை போயிருச்சு."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"எங்க இருக்கறீங்?"

"காங்கேயத்துல. குவாரிக்குள்ள, துப்பாக்கி சுடற எடத்துல."

"கை எப்படிங் போகும், தெரிஞ்சும்?"

"சொன்னா வெளங்காது. காட்டுனாத்தான்."

"அங்கயே இருங்."

போன் நின்றுவிட்டது.

இரண்டு மணி நேரம் கழித்து ஓர் ஆட்டோ குவாரி விளிம்பில் நின்றது. பாவாத்தாள் மஞ்சள் பையோடு இறங்கி வந்தாள். கழுத்தில் தாலிக்கொடி இருந்த இடத்தில் மஞ்சள் கயிறு. புருஷனைப் பார்க்கவில்லை. சகாயமேரியைத் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள்.

"நீங்கதான் சொல்லிக் குடுக்கறதுங்களா?"

"ஆமாம்மா."

"காட்டச் சொல்லுங்."

தங்கமுத்துவுக்கு அந்தப் பாறைக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அர்த்தநாரி முன்னால் வேறு காட்டவேண்டுமே. நல்லவேளை, அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். துப்பாக்கி அடுத்தவர் கையில் இருக்கிறதல்லவா, நல்ல தூக்கம்.

சகாயமேரி திறந்த பிஸ்டலைப் பாவாத்தாள் பக்கம் திருப்பாமல், அவளைத்தான் பிஸ்டல் பக்கம் வரச்சொன்னாள்.

"உள்ள விரல் விட்டுப் பாருங்கம்மா."

விட்டாள். எண்ணெய்ப்பட்ட விரலை முந்தானையில் துடைத்தாள். நம்பிக்கை வராமல் இன்னொரு விரலையும் விட்டாள்.

"காலியாத்தான் இருக்குது."

அவளைப் பின்னால் நிறுத்திவிட்டு, அட்டைப் பக்கம் நீட்டி, தங்கமுத்து அமுக்கினார். டிக். குனிந்தது.

அவர் திறந்து வைக்கும்வரை யாரும் பேசவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தானா?" என்று கேட்டாள் பாவாத்தாள். நாற்பத்து மூன்று நாளுக்குப் பிறகு இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இப்படித்தான்."

"நிறுத்த முடியாதா?"

"மேல போனப்புறம்தான் நிறுத்த முடிஞ்சுது. போறதுக்கு முன்னாடி முடியல."

"அப்ப நிறுத்துனது நீங்கதான்."

"நான்தான்."

"ஓங்குனது?"

"அதுவும் நான்தான்."

பாவாத்தாள் ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. மாட்டுக்கு எங்கே நோவு என்று பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு சகாயமேரியிடம் கேட்டாள்.

"இதுக்கு வைத்தியம் இருக்குதுங்களா?"

சகாயமேரி குனிந்து, கீழே சிதறிக் கிடந்த பித்தளைக் குப்பிகளில் ஒன்றை எடுத்தாள். சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் வெறும் கூடு. அதைத் தங்கமுத்துவிடம் காட்டினாள்.

"துப்பாக்கி முதுகுமேல இது நிக்கும். விழாம அமுக்கணும். மூடுங்க, நீட்டுங்க."

அவர் மூடி நீட்டினார். அதன் முதுகின்மேல் குப்பியை நிற்கவைத்தாள்.

"எத்தனை தடவைங்?" என்றார் தங்கமுத்து.

பதில் இல்லை. துப்பாக்கி மூடியிருந்தது.

அமுக்கினார். குப்பி விழுந்து மேஜைக்கடியில் உருண்டது.

அவர் ஸ்லைடைத் திறந்து வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். ஈரோட்டுக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரன் மேலேயிருந்து ஒருமுறை ஹாரன் அடித்தான்.

பாவாத்தாள் மேலே பார்த்து, நீ போகலாம் என்று கையைக் காட்டினாள். ஆட்டோ திரும்பிப் போகிற சத்தம் கேட்டது.

மஞ்சள் பையைப் பெஞ்சில் வைத்தாள். மேஜைக்கடியில் குனிந்து குப்பியைத் தேடி எடுத்தாள். வாயால் ஊதி மண்ணைப் போக்கினாள்.

"மூடுங். இன்னொருக்கா," என்றாள்.